களிம்பும் கறுப்பும்

கறுத்துப்போன செம்புத் தகடு ஒன்று கைக்கு வந்தால் தமிழ் வீட்டில் முதலில் தேடப்படுவது புளி. குத்துவிளக்கும் சொம்பும் பூசைமணியும் அப்படித்தான் பளிச்சென்று ஆகின்றன. புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். அடியிலிருக்கும் சிவந்த செம்பு வெளியே வரும். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் திருப்பூரில் வீட்டுக்கு வீடு நடப்பது இது. அதே புளியைப் பழைய ஜப்பானிய வாளின் காப்புத் தகட்டில் தேய்த்தால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞர் வேண்டுமென்றே ஏற்றிவைத்த கறுப்பு சில நிமிடங்களில் கரைந்து போகும். அவர் ஏற்றிய அந்தக் கறுப்பை யாராலும் திருப்பித் தர முடியாது.

விளக்கின் கறுப்பு அழுக்கு. வாள்காப்பின் கறுப்பு அதன் உடல். இரண்டையும் எதை வைத்துப் பிரிப்பது? பழம்பொருள் சேர்ப்பவர்களின் சின்னக் கவலையாகத் தோன்றும் இந்தக் கேள்வியைத் தமிழ்ச் சைவம் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, செம்பையும் களிம்பையும் உவமையாக வைத்தே கேட்டு வந்திருக்கிறது.

முதலில் அந்தத் தகட்டைப் பார்த்துவிடலாம். ஜப்பானியர் அதை ட்சுபா என்கிறார்கள். வாளின் பிடிக்கும் அலகுக்கும் இடையில் செருகப்படுவது. பிடித்த கை வழுக்கி அலகின் மேல் போகாமல் தடுப்பதும், வாளின் எடையைச் சமன்செய்வதும் அதன் வேலை. பெரிய வாளுக்கு உரிய தகடு பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கனம் அரை சென்டிமீட்டருக்கு முன்பின்னாக. வட்டமாக இருக்கலாம், நான்கு இதழ் விரிந்த பூவைப்போல இருக்கலாம், சதுரமாகவும் இருக்கலாம். நடுவில் ஆப்பு வடிவத் துளை ஒன்று உண்டு. அலகின் வால் பகுதி அதன் வழியாகத்தான் பிடிக்குள் போகிறது. அந்தத் துளையின் இருபுறமும் வேறு இரண்டு திறப்புகள் இருக்கலாம். பாதி நிலா வடிவில் இருப்பது உறையோடு செருகிய சிறு கத்திக்கு. மூன்று வளைவுகளோடு இருப்பது முடி கோதும் ஊசிபோன்ற கருவிக்கு. வால் துளையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில், பெரும்பாலும் இடப்பக்கம், செய்தவர் தம் பெயரை உளியால் வெட்டியிருப்பார். பெயரில்லாத நல்ல தகடுகளும் ஏராளம்.

வாளில் ஏறி இறங்கிய தகடு அதைத் தன் மேலேயே காட்டும். துளையின் ஓரத்தில் அலகை இறுக்கிப் பிடிப்பதற்காகக் கொத்திய உளித் தடங்கள் இருக்கும். துளையின் முனைகளில் சிறு செம்புத் துண்டுகள் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு வாளிலிருந்து கழற்றி வேறொரு வாளுக்குப் பொருத்தியபோதெல்லாம் இந்த வேலை நடந்திருக்கும். அச்சில் வார்த்து இன்று விற்கப்படும் போலிகளில் இவை இருப்பதில்லை. காற்றுக் குமிழ் விட்டுப்போன பொத்தல்களையும் அச்சின் இரு பாதிகள் கூடிய கோட்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிடலாம். பழையதுபோலத் தோன்றுவதற்காக அமிலத்தில் நனைத்துத் துருப்பிடிக்க வைத்திருப்பார்கள். அந்தத் துரு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். இன்று சேகரிப்புகளில் உள்ள தகடுகளில் பெரும்பகுதி எடோ காலத்தவை, அதாவது 1603 முதல் 1868 வரையிலானவை. ஜப்பான் பெரும் போர்கள் ஓய்ந்து இருந்த நூற்றாண்டுகள் அவை. வாள் இடுப்பில் தொங்கியது. உறையைவிட்டு வெளியே வருவது அரிது. அதனால்தான் காப்புத் தகட்டில் கொக்கும் அலையும் மூங்கிலும் மழையும் ஏறின. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்தது. வாளணி செய்து பிழைத்த கைகளுக்கு வேலை போயிற்று. அவர்களில் பெரியவரான கானோ நட்சுவோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரசின் புதிய நாணயங்களுக்கு அச்சு வெட்டப் போயிருந்தார். பின்னாளில் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தகடுகள் வாளைவிட்டுப் பிரிந்து ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்குக் கப்பலேறின. வாள் இல்லாத வாள்காப்பு என்ற தனிப் பொருள் அப்போதுதான் உலகெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் ஒரு தகடு தட்டுப்பட்டால் அது வேறு வகையாகவும் இருக்கலாம். 1930களின் நடுவிலிருந்து 1945 வரை ஜப்பானியப் படை அதிகாரிகளுக்காகத் தொகைதொகையாகச் செய்யப்பட்ட வாள்களில், செர்ரிப் பூக்கள் பதித்த பித்தளைக் காப்புகள் இருந்தன. 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சரணடைவு கையெழுத்தானது. ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களைத் துருப்புகளின் முன்னிலையில் கையளிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் உறுதியாக இருந்தார். அந்தப் போர்முனையில் இந்தியச் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அவர்கள் வழியாக அத்தகைய வாள்கள் இங்கே வந்திருக்கலாம். எடோ காலக் கொக்குக்கும் படைக்கலச் சாலையின் செர்ரிப் பூவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வது விலைக்காக மட்டும் அல்ல. அது பின்னால் வரும்.

இனி அந்தக் கறுப்பு. இரும்பில் அல்லாமல் மெல்லிய உலோகங்களில் செய்த தகடுகளில் மிக உயர்வாக மதிக்கப்படுவது ஷாகுடோ. செம்போடு நூற்றுக்குச் சில பங்கு மட்டும் தங்கம் சேர்த்த கலவை. உருக்கி அடித்து முடித்ததும் அது சாதாரணச் செம்பைப்போலத்தான் இருக்கும். பிறகு அதைத் துலக்கி, முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செம்பு உப்புகள் கரைத்த நீரில் கொதிக்க வைப்பார்கள். அந்தக் கொதியில் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று பிறக்கிறது. அந்தச் சிறிதளவு தங்கம் இருப்பதால் படலம் நீலம் கலந்த ஆழ்ந்த கறுப்பாகிறது. தங்கம் இல்லாத செம்பை அதே நீரில் போட்டால் அந்தக் கறுப்பு வராது. அதன்மேல் பதித்த பொன்னிழைகள் இரவு வானத்தில்போல எடுத்துக் காட்டும். படலத்தின் கனமோ முடியிழையின் கனத்தைவிட மிகக் குறைவு. புளியோ எலுமிச்சையோ கடையில் விற்கும் துலக்கும் பொடியோ பட்டால் சில நிமிடங்களில் அது போய்விடும்.

சைவ சித்தாந்தம் உயிரைச் செம்பாகவும் ஆணவ மலத்தைக் களிம்பாகவும் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் கட்டிய கொள்கையை விளக்க வந்தவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட உவமை இது. நெல்லோடு உமி பிறப்பதுபோல, செம்போடு களிம்பு இருப்பதுபோல, உயிரோடு ஆணவம் தொடக்கமில்லாத காலமாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. அது உயிரின் அறிவை மறைக்கிறது. இரசக் குளிகை தீண்டியதும் செம்பின் களிம்பு நீங்குவதுபோல, அருள் தீண்டும்போது மறைப்பு நீங்குகிறது.

இந்த உவமையைச் சொன்னவர்கள் உலோகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் என்பது தெரிகிறது. செம்பை எத்தனை முறை துலக்கினாலும் களிம்பு திரும்ப வரும். காற்றும் ஈரமும் படும்வரை அது செம்பின் இயல்பு. ஆனால் சித்தாந்தம் இன்னொரு படி மேலே போகிறது. வீடுபேற்றிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை. அதன் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது என்கிறது. மலம் இருக்கும், மறைக்க வலுவில்லாமல் இருக்கும். பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் இன்று ஓர் உலோகத்தைப் பற்றிச் சொல்வதும் இதற்கு வெகு அருகில் வருகிறது. மண்ணுக்குள் கிடந்த இரும்பிலிருந்தோ வெண்கலத்திலிருந்தோ அரிப்பை முற்றிலும் எடுத்துவிட முடியாது. எடுக்கப் போனால் பொருளும் சேர்ந்து போய்விடும். அதன் தீங்கை நிறுத்திவைப்பதே அவர்கள் செய்வது.

எல்லாப் படலமும் ஒன்றல்ல என்பதை வேதியியல் காட்டுகிறது. வெண்கலத்தில் இறுகப் படிந்த கரும்பச்சைப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும். அதே வெண்கலத்தில் குளோரைடு உப்பு புகுந்துவிட்டால், மழைக்காலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். விரலால் தொட்டால் உதிரும். அடியில் குழி விழும். முன்னது காக்கிறது, பின்னது தின்கிறது. கண்ணுக்கு இரண்டும் பச்சை. சித்தாந்தி களிம்பைப் பார்த்துக் கேட்டது, இது மறைக்கிறதா என்று. ஷாகுடோ செய்தவர் அந்தக் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறார்: இது காக்கிறதா? செம்பின் கறுப்பையே அவர் செம்பின் அணியாக்கினார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது உள்ளே கலந்த கொஞ்சம் பொன்.

இரும்புத் தகடுகளுக்கும் இதே கேள்விதான், பதில் மட்டும் கொஞ்சம் கரடுமுரடானது. பழைய இரும்பு ட்சுபாவின் அழகு அதன் கருமையான, எண்ணெய்ப் பளபளப்புள்ள மேற்பரப்பு. அதுவும் ஒருவகைத் துருதான். செய்தவர் வரவழைத்து, தலைமுறை தலைமுறையாகக் கைகள் தேய்த்து இறுக்கியது. அதன்மேல் பின்னால் ஏறும் செந்துரு பொருபொருவென்று இருக்கும், பரவும். ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் செந்துருவை மட்டும் கூர்மையாக்கிய எலும்பாலோ மான்கொம்பாலோ மெல்லச் சுரண்டி எடுக்கிறார்கள். எலும்பு செந்துருவைவிடக் கடினம், இரும்பைவிட மெது. ஆகவே உடலில் கீறல் விழாது. பிறகு மெத்தென்ற பருத்தித் துணியால் நாள்தோறும் கொஞ்சநேரம் தேய்ப்பது, மாதக்கணக்கில். உப்புத்தாள், கம்பித் தூரிகை, துரு நீக்கும் திரவம் மூன்றும் ஆகாது. வால் துளைக்குள் இருக்கும் துருவைத் தொடவே கூடாது. அந்த இடத்தின் உளித்தடங்கள்தான் தகட்டின் பிறப்புச் சான்று.

பருத்தித் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணி, பனியன் வேஸ்ட் என்ற பெயரில் மூட்டை மூட்டையாகப் பட்டறைகளுக்குப் போகிறது. லேத்தும் லாரி இன்ஜினும் அதில்தான் துடைக்கப்படுகின்றன. தகட்டுக்கு அதில் எந்தத் துண்டையும் எடுத்துவிட முடியாது. சாயம் ஏறிய துணியில் உப்பு மிச்சமிருக்கலாம். கந்தகக் கறுப்புச் சாயம் இட்ட துணி வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். சாயப்பட்டறைக்குப் போகாத துணியை எடுத்து, நிட்டிங் எண்ணெய் போகும்வரை வெந்நீரில் அலசிக் காயவைத்ததே ஏற்றது. ப்ளீச்சிங் நெடி வரும் கட்டடத்தில் பழைய இரும்பை வைக்காதிருப்பது நல்லது. வெறும் கையால் எடுக்கவும் கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு.

உப்பும் இரும்பும் இந்த வட்டாரத்தில் வெகுநாள் பழக்கமுள்ளவை. திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழத் தொடங்கியது, எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் பல பருவங்கள் வேலை செய்தார்கள். பெருங்கற்கால ஈமக்குழிகளில் இரும்பு வாள்கள் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்ததற்கான தடயங்களும், மணி கோப்பவர்களின் பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த மட்கலங்களும் வெளிவந்தன. இறந்தவரோடு புதைத்த அந்த வாள்கள் இன்று வாள்களாகத் தெரிவதே துருவால்தான். பல இடங்களில் உள்ளிருந்த உலோகம் போய், துருவே அலகின் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. அதைத் துலக்கினால் மிஞ்சுவது செம்பொடி. அதே நொய்யலில் பின்னாளில் சாயக்கழிவின் உப்பு ஓடியதும், கொடுமணலுக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை.

இவ்வளவும் பழையதைப் பழையதாகவே விடச் சொல்லும் பக்கம். சமயம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் நிற்கிறது, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது.

ஆயுத பூசையன்று கம்பெனியில் தரை கழுவப்படுகிறது. ஓவர்லாக் இயந்திரத்தின் இடுக்கிலிருந்து ஓராண்டுப் பஞ்சு தோண்டி எடுக்கப்படுகிறது. எண்ணெய்க்கறை துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் படைக்கிறார்கள். அங்கே வரிசையாக நிற்கும் தையல் இயந்திரங்களில் ஜூகி என்ற பெயர் பலவற்றில் இருக்கும். அந்த நிறுவனம் 1938இல் டோக்கியோவின் இயந்திரத் தொழிலகங்கள் கூடி, படைக்குத் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கியது. 1945இல் போர் தோற்றதும் தையல் இயந்திரத்துக்கு மாறியது. 1947இல் முதல் வீட்டுத் தையல் இயந்திரத்தை வெளியிட்டது. இன்று அதன் முன் நின்று கும்பிடுகிற டெய்லருக்கு அந்த இயந்திரத்தில் பழமை தேவையில்லை. ஊசி நேராக இறங்க வேண்டும், நூல் அறுபடக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பொருளுக்குத் துலக்கப்படுவதே உயிர்.

கோவிலிலும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். வழிபாட்டில் இருக்கும் செப்புத் திருமேனி புளியிலும் திருநீற்றிலும் துலக்கப்பட்டு, பாலும் சந்தனமும் பட்டு, முகத்தின் கூர்மை மழுங்கி வழுவழுவென்று ஆகியிருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த சோழர் காலத் திருமேனிகளில்தான் அரைஞாணின் இழைகூட அப்படியே இருக்கிறது. தேய்ந்தது பக்தியால் தேய்ந்தது. அதைக் குறையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஜப்பானிலும் இந்தப் பாதை உண்டு. இசே பெருங்கோவில் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டப்படுகிறது. 62ஆவது முறை 2013இல் நடந்தது. கட்டடத்தோடு 714 வகையில் 1,576 திருப்பொருள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன, வாள்கள் உட்பட. ஒரே நாட்டில் ஒரு வாளின் காப்பில் இருக்கும் கருந்துருவைக்கூடத் தொடாமல் காக்கிறார்கள். இன்னொரு வாளை இருபது ஆண்டில் புதிதாக அடிக்கிறார்கள்.

இரண்டும் முரண் அல்ல. இசேயின் வாளுக்கு வேலை இருக்கிறது, தெய்வத்துக்கு உரிய வேலை. எடோ காலத்து ட்சுபாவுக்கு 1876க்குப் பிறகு வேலை இல்லை. வேலையில் இருப்பது புதுக்கப்படலாம். வேலை முடிந்தது தன் வயதோடு விடப்பட வேண்டும். தீங்கு விளைவது ஒன்றை மற்றொன்றாக எண்ணும்போது. தமிழ்நாட்டுக் கோவில்களில் சுவர்களைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் முறை ஒருகாலத்தில் பரவியது. கருவறைத் தெய்வத்துக்கு உரிய புதுமையைக் கல்வெட்டுச் சுவருக்கும் கொடுக்கப் போனார்கள். சுண்ணாம்போடு எழுத்தும் உதிர்ந்தது. பலரும் குரல் கொடுத்தபின் அரசு அந்த முறையைத் தடைசெய்தது. வழிபாடு தொடரும் இடத்திலேயே வேலை முடிந்த பொருள்களும் இருக்கின்றன என்பதையும், இரண்டுக்கும் ஒரே துடைப்பம் ஆகாது என்பதையும் ஏற்க அத்தனை எழுத்துகளை இழக்க வேண்டியிருந்தது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் வேதியியல் ஆய்வகத்தைத் தொடங்கியது இந்தக் கேள்விக்கு அறிவியல் வழி விடை தேடத்தான். செப்புத் திருமேனிகளைத் தின்றுகொண்டிருந்த அரிப்பை மின்னாற்பகுப்பு முறையில் நிறுத்தினார். அந்த முறை படலத்தையும் சேர்த்து எடுத்துவிடக்கூடியது. அன்று உலகின் பல அருங்காட்சியகங்களும் அப்படித்தான் செய்தன. பிற்காலத்தில் பாதுகாப்பாளர்கள் தின்பதை மட்டும் எடுத்து, காப்பதை விட்டுவிடும் பக்கம் நகர்ந்தார்கள். ஒரு நூற்றாண்டு அனுபவம் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த இடமும் மலத்தின் ஆற்றலை மட்டும் அடக்கும் இடம்தான்.

தஞ்சையின் கதையில் ஆய்வகத்துக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு நாட்டை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் நாயக்கர் காலம் முதல் சேர்ந்த வாள்களும் கட்டாரிகளும் குவியலாகக் கிடந்தன. கைகாக்கும் தகடுகளில் யாளியும் நாகமும் செதுக்கியவை அவற்றில் இருந்தன. சிறந்தவை என்று பட்டவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்தபின், மிகுந்த பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. தப்பிய தஞ்சைக் கட்டாரிகள் சில இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜப்பானில் 1945க்குப் பிறகு வாள்கள் பெருமளவில் பறிக்கப்பட்டு அழிக்கப்பட்டபோது, கலையாக எஞ்சியதைக் காக்க 1948இல் ஒரு சங்கம் தோன்றியது. இன்றும் வாளுக்கும் காப்புத் தகட்டுக்கும் அது சான்றிதழ் தருகிறது. தஞ்சையின் வாள்களுக்கு அப்படிப் பேச அன்று யாரும் இல்லை.

காட்சிக்கு வைப்பதும் ஒரு சமயச் செயல்தான் என்பதற்குத் திருப்பூர் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. காங்கேயத்துக்கு அருகே சிவன்மலை முருகன் கோவிலில், மண்டபத்துத் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். ஒரு பக்தரின் கனவில் இறைவன் ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோவிலுக்கு வந்து சொன்னதும் சுவாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்தவருக்குக் கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், இரும்புச் சங்கிலி, துப்பாக்கி என்று பலவும் இருந்திருக்கின்றன. பெட்டிக்குள் போன சங்கிலி எதையும் கட்டுவதில்லை. பக்தர்கள் அதன் முன் நின்று, இது எதைச் சொல்ல வந்தது என்று யோசிக்கிறார்கள். பயனிலிருந்து விலக்கி வைத்ததால்தான் பொருள் பேசத் தொடங்குகிறது.

வாள்காப்புத் தகட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும். மரபுப்படி பாலோனியா மரப்பெட்டியில், துணி பொதிந்த பள்ளத்தில் அதை வைப்பார்கள். நிறுத்திக் காட்டுவதானால் வால் துளையின் குறுகிய முனை மேலே இருக்க வேண்டும். முகப்பு பார்ப்பவரை நோக்கி இருந்தால் பாதி நிலாத் திறப்பு இடப்பக்கம் வரும். புதிய ஒட்டுப்பலகையால் செய்த பெட்டியிலிருந்து அமில ஆவி வரும். கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் விடும். அவற்றைத் தவிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தால் போதும். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஜப்பானியப் பகுதியில் உள்ள சாமுராய் வாள்களை ஒருமுறை பார்த்து வருவது, தகடு முதலில் எந்த உடலில் இருந்தது என்பதை உணர்த்தும்.

எஞ்சியிருப்பது செர்ரிப் பூப் பதித்த பித்தளைக் காப்பு. அதன்மேல் எலும்பாலும் துணியாலும் எடுக்க முடியாத ஒன்று படிந்திருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கியது. 1943 அக்டோபரில் முடித்தது. அதற்குக் கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேல். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் ஏற்றிச்செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்களுக்குப் பெரும்பாலும் கல்லறைகூட இல்லை. அந்தப் படையின் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வாள்களின் காப்பு இது.

ஆயுத பூசையன்று இதைத் தையல் இயந்திரங்களோடு வைத்துச் சந்தனம் இடலாமா? கூடாது என்பதே சரி. அன்று கருவிகளுக்குச் செலுத்தப்படுவது நன்றி, செய்த வேலைக்கும் செய்யப்போகும் வேலைக்கும். இந்தத் தகடு செய்த வேலைக்குத் தமிழர் நன்றி சொல்ல வழியில்லை. உருக்கிவிடலாமா என்றால், தஞ்சைக் கொட்டிலில் நடந்ததுதான் மறுபடி நடக்கும். ஒரு சாட்சி குறையும். பளபளவென்று துலக்கி வரவேற்பறையில் மாட்டுவது இன்னொரு வகை அழிப்பு. பித்தளைப் பளபளப்பில் அது வெறும் பூவாகிவிடும்.

ஆகவே அது கண்ணாடிக்குள், கறுத்தபடியே, ஒரு சீட்டோடு இருக்கட்டும். சீட்டில் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். எந்தப் படைக்குச் செய்த வகை, தோராயமாக எந்த ஆண்டுகள், யார் கையிலிருந்து இந்தக் கைக்கு வந்தது என்பவற்றோடு, சயாம் ரயில்பாதையில் இறந்த தோட்டத் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் இரண்டு வரி. இந்த ஒரு தகடு அங்கே இருந்ததா என்று தெரியாவிட்டால் இருந்ததாக எழுதக் கூடாது. அந்தப் படையினுடையது என்பதே போதும். பக்கத்துப் பள்ளத்தில் எடோ காலத்து ஷாகுடோத் தகடு இருந்தால் அதற்கு வேறு சீட்டு: செம்பு, கொஞ்சம் தங்கம், கொதிக்க வைத்து ஏற்றிய கறுப்பு, செய்தவர் பெயர் இருந்தால் அந்தப் பெயர், புளி படக் கூடாது என்ற எச்சரிக்கை.